லாக் வராத நேரத்தில் ஃபைல்பீட்: பல பதிப்புகளைப் பயன்படுத்திய பின் ஒரு மதிப்பீடு

நிரல்கள் தங்கள் செயல்பாட்டை வரி வரியாகப் பதிந்து வைக்கும் லாக் கோப்புகளைத் திரட்டி ஓரிடத்துக்கு அனுப்பும் மென்பொருள்களைப் பற்றி எழுதுகிறவர்கள், அது நொடிக்கு எத்தனை வரிகளை அனுப்பும், எவ்வளவு நினைவகத்தைப் பிடிக்கும் என்ற கணக்கில்தான் பெரும்பாலும் தொடங்குவார்கள். எனக்கு அந்தக் கணக்கில் அவ்வளவு அக்கறை இல்லை. சர்வரில் கோப்பு கண்ணெதிரே வளர்ந்துகொண்டிருக்க, கண்காணிப்புத் திரையில் அதன் ஒரு வரிகூட வந்து சேராத நேரம் இந்த வேலையில் இருக்கும் எவருக்கும் வாய்த்திருக்கும். அந்த நேரத்தில் காரணத்தைக் கண்டுபிடிக்க மென்பொருள் எந்த அளவுக்குக் கைகொடுக்கிறது என்பதை வைத்தே ஃபைல்பீட்டை இங்கே எடைபோடுகிறேன். 6ஆம் பதிப்பிலிருந்து 9ஆம் பதிப்பு வரை, பெரும்பாலும் லினக்ஸ் சர்வர்களில், இதைப் பயன்படுத்தி வந்திருக்கிறேன். கீழே வரும் தொல்லைகளில் பாதிக்கு மேல் நாங்களே வரவழைத்துக்கொண்டவை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அறிமுகம் தேவைப்படுகிறவர்களுக்காகச் சுருக்கமாக: ஃபைல்பீட் என்பது எலாஸ்டிக் நிறுவனத்தின் பீட்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த, கோ மொழியில் எழுதப்பட்ட ஒரு சிறிய நிரல். முன்பிருந்த லாக்ஸ்டாஷ் ஃபார்வர்டர் என்ற கருவிக்கு மாற்றாக 2015இல் வந்தது. சர்வரில் அமைதியாக ஓடிக்கொண்டு, நாம் குறிப்பிட்ட கோப்புகளை வரி வரியாகப் படித்து தேடல் தரவுத்தளமான எலாஸ்டிக்சர்ச்சுக்கோ, வரிகளைப் பதப்படுத்தும் லாக்ஸ்டாஷுக்கோ, செய்திகளை வரிசையில் வைக்கும் காஃப்காவுக்கோ அனுப்பும். எந்தக் கோப்புகளைப் பார்க்க வேண்டும் என்பதை இன்புட் என்ற பகுதி தீர்மானிக்கிறது. கண்டுபிடிக்கப்பட்ட ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு ஹார்வெஸ்டர் நியமிக்கப்பட்டு அதைத் திறந்து படிக்கிறது. எந்தக் கோப்பில் எதுவரை படித்தாயிற்று என்பது ரெஜிஸ்ட்ரி என்ற கணக்கேட்டில் எழுதப்படுகிறது. லாக் வரவில்லை என்ற புகார் எப்போது வந்தாலும், சிக்கல் இந்த மூன்றில் ஒன்றிலோ, இவற்றைத் தாண்டி வரிகள் போய்ச் சேரும் இடத்திலோதான் இருக்கும். இந்தப் படம் மனதில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முதல் முறை நிறுவுகிறவர் மாட்டிக்கொள்ளும் இடத்திலிருந்து தொடங்குகிறேன். உடன் வரும் மாதிரி கான்ஃபிக் (அமைப்பு) கோப்பில் ஃபைல்ஸ்ட்ரீம் என்ற இன்புட் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. அதன் கீழே பாதையும் கொடுக்கப்பட்டிருக்கிறது. புதிதாக வருகிறவர் அந்தப் பாதையைத் தன் கோப்பின் பாதையாக மாற்றிவிட்டு, சேவையைத் தொடங்கிவிட்டு, திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எதுவும் வராது. ஏனென்றால் அதற்குச் சில வரிகள் மேலே அந்த இன்புட் முடக்கப்பட்ட நிலையில் இருக்கிறது. ‘எனேபிள்டு’ என்பதற்கு எதிரே ‘ஃபால்ஸ்’ என்று எழுதியிருக்கும். அதை ‘ட்ரூ’ என்று மாற்றும்படி அதற்கு மேலேயே ஒரு குறிப்பும் இருக்கிறது என்பது உண்மைதான்; ஆனால் குறிப்புகளைப் படிக்கிற மனநிலையில் யாரும் கான்ஃபிக் கோப்பைத் திறப்பதில்லை. புதியவர்கள் என்னிடம் கொண்டுவரும் கேள்விகளில் நான் முதலில் பார்ப்பது இந்த ஒரு வரியைத்தான், இன்றைக்கும்.

அடுத்தது பாதை. நட்சத்திரக் குறி போட்டு எழுதும் பாதைகள் நாம் நினைப்பதைவிடக் கறாரானவை. லாக் கோப்புறைக்குள் ஒரு நட்சத்திரம், அதற்குள் ‘நட்சத்திரம் புள்ளி லாக்’ என்று எழுதினால், ஃபைல்பீட் உட்கோப்புறைகளில் உள்ள கோப்புகளை மட்டுமே எடுக்கும். லாக் கோப்புறையிலேயே நேரடியாகக் கிடக்கும் கோப்புகளைத் தொடாது. எல்லா மட்டங்களும் வேண்டும் என்றால் இரட்டை நட்சத்திரம் போடலாம். அதுவும் எட்டு மட்டம் வரைதான் இறங்கும். இதைவிட அதிகம் பேரைக் குழப்புவது குறியீட்டு இணைப்பு, அதாவது சிம்லிங்க். இயல்பான அமைப்பில் ஃபைல்பீட் சிம்லிங்க்கைப் பின்தொடராது. ஒரே கோப்பை இரு பெயர்களில் இரு முறை படித்துவிடக் கூடாது என்ற எச்சரிக்கை அதன் பின்னால் இருக்கிறது; நியாயமான எச்சரிக்கைதான். ஆனால் பயன்பாடுகளைக் கண்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் வைத்து ஓட்டும் குபர்னெட்டிஸ் முனையங்களில் கண்டெய்னர் லாக்குகளுக்கான கோப்புறையில் இருப்பவை அத்தனையும் சிம்லிங்க்குகள். சிம்லிங்க் அனுமதியைத் திறந்துவிடாமல் அந்தக் கோப்புறையைக் காட்டினால், கோப்புறை நிறையக் கோப்புகள் இருந்தும் ஃபைல்பீட்டின் கண்ணுக்கு அது காலியாகத்தான் தெரியும்.

இந்த இடத்தில் என் முதல் குறையைச் சொல்லிவிடுகிறேன். பாதை தவறாக இருந்தாலும், பாதையில் ஒரு கோப்புகூடப் பொருந்தாவிட்டாலும், ஃபைல்பீட் அதைப் பிழையாகக் கருதுவதில்லை. கோப்பு பிறகு உருவாகலாம் அல்லவா என்பது அதன் தரப்பு. நாளைக்கு உருவாகப்போகும் கோப்புக்காக இன்றைக்கே காத்திருப்பது இத்தகைய கருவியின் கடமையில் ஒன்று என்பதையும் மறுக்க முடியாது. ஆயினும், எழுதிய பாதை எதிலும் ஒரு கோப்பும் கிடைக்கவில்லை என்பதைக் கண்ணில் படும்படி ஓர் எச்சரிக்கை வரியாகவாவது எழுதலாம். ‘ஃபைல்பீட் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, பிழை எதுவும் இல்லை’ என்ற பதிலை எத்தனை பேர் எத்தனை முறை சொல்லியிருப்பார்கள். ஓடுவது வேறு, படிப்பது வேறு.

அனுமதிச் சிக்கலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இருப்பினும் ஒரு நுணுக்கம் உண்டு. பேக்கேஜாக நிறுவும்போது லினக்ஸில் ஃபைல்பீட் எல்லா உரிமையும் உள்ள ரூட் பயனராக ஓடுகிறது, ஆகவே அனுமதி ஒரு கேள்வியாகவே எழுவதில்லை. பாதுகாப்புக் கருதி அதைத் தனிப் பயனருக்கு மாற்றும்போதும், கண்டெய்னருக்குள் ரூட் அல்லாத பயனராக ஓட்டும்போதும்தான் சிக்கல் தலைகாட்டும். அப்போது எல்லோரும் கோப்பின் அனுமதியை மட்டும் பார்த்துவிட்டு, வாசிக்கும் உரிமை இருக்கிறதே என்று குழம்புவார்கள். கோப்புக்கு மேலே உள்ள ஒவ்வொரு கோப்புறையிலும் நுழையும் உரிமை அந்தப் பயனருக்கு இருக்க வேண்டும். நடுவில் ஒரு கோப்புறை மூடியிருந்தாலும் அதற்கு அப்பால் உள்ளது எதுவும் தெரியாது. பாதையின் ஒவ்வொரு படியின் உரிமையையும் வரிசையாகக் காட்டும் ‘நேம்ஐ’ கட்டளை இதற்கு மிகவும் பொருத்தமானது. அதைவிட எளிய சோதனை ஒன்று இருக்கிறது: அந்தப் பயனராக மாறி, கோப்பின் முதல் வரியைப் படித்துப் பார்ப்பது. படிக்க முடிந்தும் ஃபைல்பீட்டுக்குக் கிடைக்கவில்லை என்றால், லினக்ஸின் கூடுதல் பாதுகாப்பு அடுக்கான எஸ்.இ.லினக்ஸ் குறுக்கே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இதன் மறுபக்கமாக, தன் கான்ஃபிக் கோப்பின் அனுமதியைப் பற்றி ஃபைல்பீட் மிகவும் கண்டிப்பானது. உரிமையாளர் அல்லாத ஒருவர் அந்தக் கோப்பில் எழுத முடியும் என்ற நிலை இருந்தால், அது தொடங்கவே மறுத்துவிடும். மறுப்பதோடு நிற்காமல் காரணத்தையும் தெளிவாகச் சொல்லும். பாதை பொருந்தாதபோது மௌனம் சாதிக்கும் அதே மென்பொருள்தான் இதில் இவ்வளவு வாயாடியாக இருக்கிறது.

குறைகளை அடுக்கிக்கொண்டே போகாமல், இதன் மிகச் சிறந்த பகுதிக்கு வருகிறேன். கோளாறு தேடுவதற்கென்று ஃபைல்பீட்டுடன் வரும் இரண்டு சோதனைக் கட்டளைகள் இருக்கின்றன. ‘ஃபைல்பீட் டெஸ்ட் கான்ஃபிக்’ என்பது கான்ஃபிக் கோப்பைப் படித்துப் பார்த்து, அது எழுதப்படும் யாம்ல் வடிவத்தின் இலக்கணத்தில் தவறு இருந்தால் சொல்கிறது. இடைவெளிக்குப் பதிலாக டேப் போட்டுத் தொலைத்தவர்களுக்கு இது ஒரு வரம். ‘ஃபைல்பீட் டெஸ்ட் அவுட்புட்’ என்பது இன்னும் அருமையானது. போய்ச் சேர வேண்டிய சர்வரின் முகவரியைப் பிரித்துப் படித்ததா, டி.என்.எஸ்.இல் பெயர் கிடைத்ததா, எந்த ஐபி முகவரி வந்தது, இணைப்பு ஏற்பட்டதா, டி.எல்.எஸ். என்ற மறையாக்க இணைப்பின் கைகுலுக்கல் நிறைவேறியதா, சர்வர் பதில் சொன்னதா, அதன் பதிப்பு என்ன என்று ஒவ்வொரு படியையும் ஒரு வரியாக எழுதி, எதிரே ‘ஓகே’ போட்டுக்கொண்டே போகும். எந்த வரியில் அது நிற்கிறதோ அங்கேதான் சிக்கல். நெட்வொர்க் குழுவுக்கும் சர்வர் குழுவுக்கும் இடையே அரை நாள் நீண்டிருக்க வேண்டிய வாக்குவாதங்களை இந்த ஏழெட்டு வரிகளின் படம் ஒன்று தீர்த்து வைத்ததைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

ஆனால் இந்தச் சோதனை வெற்றி பெற்றதை வைத்து எல்லாம் சரி என்று முடிவு கட்டக் கூடாது. அது வாசலைத் தட்டிப் பார்க்கிறது, அவ்வளவுதான்; கோப்பைப் படிக்கிறதா என்பதை அது சோதிப்பதில்லை. அதற்கு ஃபைல்பீட் தன் சொந்த லாக்கில் 30 நொடிக்கு ஒரு முறை எழுதும் அளவீட்டு வரியைப் பார்க்க வேண்டும். கடந்த 30 நொடியில் பூஜ்யம் அல்லாத அளவீடுகள் என்ற தலைப்போடு வரும் அந்த நீண்ட ஜேசான் வரி, முதல் பார்வைக்கு யாருக்கும் புரியாத குப்பையாகத்தான் தெரியும். அதில் மூன்று எண்களைத் தேடினால் போதும். ஹார்வெஸ்டர் பகுதியில் திறந்திருக்கும் கோப்புகளின் எண்ணிக்கை பூஜ்யம் என்றால், கோப்பே கண்டுபிடிக்கப்படவில்லை. பாதை, சிம்லிங்க், அனுமதி ஆகியவற்றுக்குத் திரும்ப வேண்டும். கோப்பு திறந்திருந்து, பதிப்பிக்கப்பட்ட நிகழ்வுகளின் (அதாவது அனுப்பக் கொடுத்த வரிகளின்) எண் ஏறாமல் இருந்தால், படிப்பதற்குப் புதிதாக எதுவும் இல்லை அல்லது இருப்பதாக ஃபைல்பீட் நினைக்கவில்லை. அந்த எண் ஏறி, ஒப்புக்கொள்ளப்பட்டவற்றின் எண் ஏறாமல் நின்றால், மறுமுனை வாங்கிக்கொள்ளவில்லை. தடுமாற்றம் வாசலிலா, நடையிலா, தெருவிலா என்பது இந்த ஒரு வரியில் விளங்கிவிடும். இதைப் படிக்கக் கற்றுக்கொள்ளாமல் ஃபைல்பீட்டை வைத்திருப்பது, மானி இல்லாத வண்டியை ஓட்டுவது மாதிரி.

போதாவிட்டால், சேவையை நிறுத்திவிட்டு, திரையிலேயே எழுதும்படியும் முழு விவரத்துடன் பேசும்படியும் கட்டளை கொடுத்து ஓட்டிப் பார்க்கலாம். சேவையை நிறுத்த மறந்துவிட்டு இரண்டாவதாக ஒன்றை ஓட்டினால், தரவுக் கோப்புறை ஏற்கெனவே பூட்டப்பட்டிருக்கிறது என்று அது கண்டிக்கும். நான் இன்னும் மறந்துகொண்டுதான் இருக்கிறேன்.

இனி, இந்த மென்பொருளின் ஆழமான, சிக்கலான பகுதி: ஒரு கோப்பை அது எப்படி அடையாளம் காண்கிறது என்பது. கோப்பின் பெயரை நம்ப முடியாது; நள்ளிரவில், லாக்குகளைச் சுழற்சி முறையில் ஒதுக்கிப் புதியதைத் தொடங்கும் லாக்ரொட்டேட் கருவி வந்து பெயரை மாற்றிவிடும். ஆகவே ஃபைல்பீட் நெடுங்காலம் கோப்புக்கு இயங்குதளம் தரும் ஐநோட் எண்ணையும் அது இருக்கும் வட்டைக் குறிக்கும் சாதன எண்ணையும் சேர்த்து அடையாளமாகக் கொண்டிருந்தது. பெயர் மாறினாலும் ஐநோட் மாறாது என்பதால், சுழற்சிக்குப் பிறகும் பழைய கோப்பின் மிச்ச வரிகளைப் படித்து முடித்துவிட்டுப் புதியதற்குப் போகும். உள்ளூர் வட்டில் இது நன்றாகவே வேலை செய்கிறது. இதில் இரண்டு ஓட்டைகள். ஒன்று, நெட்வொர்க் வழியாக ஏற்றப்பட்ட கோப்புறைகளில் ஐநோட் எண் நிலையாக இருக்கும் என்று நம்ப முடியாது. ஆவணங்களிலேயே இதைத் தவிர்க்கும்படி எழுதியிருக்கிறார்கள். மற்றொன்று, நீக்கப்பட்ட கோப்பின் ஐநோட் எண்ணை இயங்குதளம் புதிய கோப்புக்குக் கொடுத்துவிடலாம். அப்போது ஃபைல்பீட் தன் கணக்கேட்டைப் பார்க்கிறது. இந்த எண்ணுள்ள கோப்பில் 80,000 பைட் வரை ஏற்கெனவே படித்தாயிற்று என்று அங்கே எழுதியிருக்கிறது. புதிய கோப்பின் முதல் 80,000 பைட்டை விட்டுவிட்டு அதன் பிறகே படிக்கத் தொடங்குகிறது. பிழைச் செய்தி எதுவும் இருக்காது. கோப்பின் பின்பாதி வந்து முன்பாதி வராமல் போவதைப் பார்த்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். கோப்பின் ஐநோட் எண்ணை எடுத்து, ரெஜிஸ்ட்ரியில் அந்த எண்ணுக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று ஒப்பிட்டால் உண்மை வெளிப்பட்டுவிடும். ரெஜிஸ்ட்ரி சாதாரண ஜேசான் உரையாக இருப்பதால் இது சாத்தியமாகிறது. அந்த வடிவத்தைத் தேர்ந்தெடுத்தவருக்கு என் நன்றி.

லாக்ரொட்டேட்டின் ‘காப்பிட்ரன்கேட்’ முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோப்பை நகலெடுத்துவிட்டு மூலத்தை அங்கேயே வெறுமையாக்கும் இந்த முறை, எந்தச் சேகரிப்பு மென்பொருளுக்கும் ஆகாதது. நகலெடுப்பதற்கும் வெறுமையாக்குவதற்கும் இடையில் எழுதப்பட்ட வரிகள் போயே போய்விடும். நகலைப் புதிய கோப்பு என்று எண்ணி மறுபடி அனுப்புவதும் நடக்கும். பெயரை மாற்றிப் புதிய கோப்பை உருவாக்கும் முறைக்கு மாறிவிடுவதே நல்லது. அதோடு, பெயர் மாற்றப்பட்ட கோப்பும் பாதையில் பொருந்தும்படி நட்சத்திரத்தைக் கடைசியிலும் போட்டு வைக்க வேண்டும். இல்லாவிட்டால், சுழற்சி நடக்கும் அந்த நிமிடத்தில் ஃபைல்பீட் நின்றுபோயிருந்தால், பழைய கோப்பின் மிச்ச வரிகள் என்றைக்கும் வராது.

ஐநோட் தொல்லைகளுக்கு எலாஸ்டிக் கண்ட தீர்வு கைரேகை. கோப்பின் முதல் 1,024 பைட்டை எடுத்து, எஸ்.எச்.ஏ.-256 என்ற கணித முறையில் அதன் சுருக்க மதிப்பைக் கணக்கிட்டு, அதையே கோப்பின் அடையாளமாக வைத்துக்கொள்வது. 9.0 பதிப்பிலிருந்து ஃபைல்ஸ்ட்ரீம் இன்புட்டின் இயல்பான முறை இதுதான். புதிய யோசனை என்று சொல்ல முடியாது. போட்டி மென்பொருளான ஸ்ப்ளங்கின் ஃபார்வர்டர் முதல் 256 பைட்டை வைத்து நெடுங்காலமாகவே இப்படிச் செய்துவருகிறது. பெயர் மாறினாலும், வட்டு மாறினாலும், ஐநோட் எண் யாருக்குப் போனாலும் கவலை இல்லை. என் பார்வையில் இது சரியான திசை. ஆனால் இந்த முறை எங்களை ஒரு வாரம் அலைக்கழித்ததையும் சொல்ல வேண்டும்.

இரவில் ஓடும் ஒரு தொகுப்புப் பணி எங்களிடம் இருந்தது. ஒவ்வொரு இரவும் தேதியைப் பெயராகக் கொண்ட ஒரு புதிய கோப்பைத் தொடங்கி, தொடங்கிய நேரம், படித்த பதிவுகளின் எண்ணிக்கை, முடிந்த நேரம் என்று நான்கைந்து வரிகளை எழுதிவிட்டுப் போய்விடும். பதிப்பை உயர்த்திய மறுநாளிலிருந்து அந்தக் கோப்புகள் திரைக்கு வரவில்லை. பக்கத்துக் கோப்புறையில் இருந்த வலைச் சர்வரின் பெரிய லாக் எந்தத் தடையும் இல்லாமல் வந்துகொண்டிருந்தது. பாதையைப் பார்த்தோம், அனுமதியைப் பார்த்தோம், டெஸ்ட் அவுட்புட் எல்லா வரியிலும் ஓகே சொன்னது. கோப்புறையைப் பட்டியலிட்டபோது என்னுடன் இருந்த இளைஞர் திரையைச் சுட்டிக்காட்டி, “சார், இந்த ஃபைல் எல்லாமே நானூத்துச் சொச்சம் பைட்தான் இருக்கு, அதனால ஏதாவது இருக்குமா?” என்று கேட்டார். ஆறு கோப்புகள்; மிகப் பெரியது 431 பைட். கைரேகை எடுக்க 1,024 பைட் வேண்டும். அந்த அளவை எட்டும்வரை ஃபைல்பீட் கோப்பைத் தொடுவதே இல்லை. இந்தக் கோப்புகள் அந்த அளவை எட்டப்போவதே இல்லை. கோப்பு சிறியதாக இருப்பதால் விட்டுவிடுகிறேன் என்று ஃபைல்பீட் தன் லாக்கில் எழுதியும் வைத்திருந்தது. எங்கள் கண் பிழை என்ற சொல்லை மட்டுமே தேடிக்கொண்டிருந்ததால் அதைத் தாண்டிப் போயிருந்தோம்.

கைரேகையின் நீளத்தைக் கான்ஃபிக்கில் குறைக்க முடியும். 64 பைட்டுக்குக் குறைத்ததும் அன்றைய கோப்பு வந்துவிட்டது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு குறைக்கக் கூடாது. எல்லாக் கோப்புகளும் ஒரே மாதிரித் தலைப்பு வரிகளுடன் தொடங்கினால், அந்த நீளத்துக்குள் அவை அனைத்தும் ஒரே கைரேகையைக் கொண்டிருக்கும்; ஃபைல்பீட் அவற்றை ஒரே கோப்பு என்று கருதி ஒன்றை மட்டும் படிக்கும். எங்கள் கோப்புகளின் முதல் வரியிலேயே தேதியும் நேரமும் இருந்ததால் தப்பித்தோம். தலைப்பு நீளமான கோப்புகளுக்கு, கைரேகை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதையும் தள்ளி வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. பதிப்பை உயர்த்துகிறவர்கள் ஒரு கிலோபைட்டுக்குக் குறைவான லாக் கோப்புகள் தங்களிடம் இருக்கின்றனவா என்று முன்கூட்டியே தேடிப் பார்த்துக்கொள்வது நல்லது. பெரும்பாலும் மிக முக்கியமான கோப்புகள்தான் மிகச் சிறியவையாக இருக்கும்: தோல்வி அடைந்தால் மட்டுமே எழுதும் கோப்புகள்.

ஃபைல்ஸ்ட்ரீம் இன்புட்டுக்கு ஓர் அடையாளப் பெயர் கொடுக்க வேண்டும் என்பதையும் இங்கேயே குறிப்பிட்டுவிடுகிறேன். ஒரே பெயரை இரு இன்புட்டுகளுக்கு வைத்தால் கணக்கு குழம்பும். இருக்கும் பெயரை அழகுக்காக மாற்றினால் எல்லாக் கோப்புகளையும் முதலிலிருந்து மறுபடி அனுப்பும்.

சிறு கோளாறுகள் சிலவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். கோப்பின் கடைசி வரி மட்டும் வரவில்லை என்றால், அந்த வரியின் முடிவில் புதுவரிக் குறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது வரும்வரை வரி முடிந்ததாக ஃபைல்பீட் ஏற்காது. ‘இக்னோர் ஓல்டர்’ என்ற அமைப்பில் குறைந்த காலத்தைக் கொடுத்துவிட்டால், அதைவிடப் பழைய கோப்புகள் படிக்கப்படாமலே ஒதுக்கப்படும். சோதனைக்காகப் பழைய கோப்பைக் கொண்டுவந்து வைக்கிறவர்கள் இதில் விழுவார்கள். விண்டோஸ் பயன்பாடுகள் யு.டி.எஃப்.-16 குறியாக்கத்தில் எழுதும் கோப்புகளுக்குக் குறியாக்கத்தைத் தனியே சொல்லாவிட்டால் எழுத்துகள் சிதைந்து வரும்; வரவில்லை என்று நாம் நினைப்பது உண்மையில் தேடலில் சிக்காத வடிவத்தில் வந்திருக்கும்.

இதுவரை சொன்னவை ஃபைல்பீட்டின் எல்லைக்குள் நடப்பவை. ஆனால் ‘லாக் வரவில்லை’ என்று எனக்கு வந்த புகார்களில் கணிசமானவற்றில் லாக் வந்திருந்தது. பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியவில்லை. எலாஸ்டிக்சர்ச்சில் உள்ளதைத் திரையில் காட்டும் கிபானாவின் தேடல் பக்கம் இயல்பாகக் கடைசி 15 நிமிடத்தை மட்டுமே காட்டும். லாக் வரியில் உள்ள நேரத்தைப் பிரித்தெடுத்து நிகழ்வின் நேரமாக வைக்கும்போது, நேர வலயம் குறிப்பிடப்படாவிட்டால் அது உலகப் பொது நேரமான யு.டி.சி. என்று எடுத்துக்கொள்ளப்படும். யு.டி.சி.க்கு முன்னால் இருக்கும் வலயத்தில் எழுதப்பட்ட வரிகள் அப்போது சில மணி நேர எதிர்காலத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். கடைசி 15 நிமிடத்தில் அவை எப்படித் தெரியும்? நேர வரம்பை நாளைவரை நீட்டிப் பார்ப்பது, இந்த வேலையில் நான் கற்ற மிக மலிவான, மிகப் பயனுள்ள சோதனை.

இன்னொன்று, எலாஸ்டிக்சர்ச் வரியை ஏற்க மறுப்பது. முதல் நாள் எண்ணாக வந்த ஒரு புலம் மறுநாள் எழுத்தாக வந்தால், வகை பொருந்தாததால் அந்த நிகழ்வு நிராகரிக்கப்படும். ஃபைல்பீட் அதை மறுபடி முயலாமல் கைவிட்டுவிடும். ஒரே கோப்பின் சில வரிகள் வந்து சில வரிகள் மட்டும் வராமல் போவதற்கு இது வழக்கமான காரணம். கைவிட்ட நிகழ்வுகளைத் தனி இன்டெக்ஸுக்கு (எலாஸ்டிக்சர்ச்சில் தரவு சேரும் தொகுப்புக்கு) அனுப்பும்படி அமைக்க வழி இருக்கிறது. அதை அமைத்து வைக்காமல் உற்பத்திச் சூழலுக்குப் போகக் கூடாது என்பது என் கருத்து. அடுத்து, எலாஸ்டிக்சர்ச் சர்வரின் வட்டு 95 சதவீதம் நிரம்பினால், இயல்பான அமைப்பில் அது இன்டெக்ஸுகளை எழுத முடியாதபடி பூட்டிவிடும். அன்றைக்கு எல்லா சர்வர்களிலிருந்தும் லாக் ஒரே சமயத்தில் நின்றுபோகும். அப்படி எல்லாம் சேர்ந்து நிற்கும்போது ஃபைல்பீட்டைக் குடைவது வீண் வேலை. நேராக மறுமுனைக்குப் போக வேண்டும்.

மறுமுனை அடைத்துக்கொள்ளும்போது ஃபைல்பீட் நடந்துகொள்ளும் விதம் பாராட்டத்தக்கது. வரிகளைக் கொட்டிவிடாமல், படிப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும்; வழி திறந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒரு வரி குறைந்தது ஒரு முறையாவது போய்ச் சேரும் என்பதுதான் அதன் உறுதிமொழி, அதனால் சில வரிகள் இரு முறை வரலாம். இந்தக் காத்திருப்புக்கு ஒரு விலை உண்டு: படித்து முடியாத கோப்பை அது திறந்தே வைத்திருக்கும். அந்தக் கோப்பை யாராவது நீக்கினாலும் வட்டில் இடம் விடுபடாது. கோப்புகளை நீக்கியும் இடம் கூடவில்லையே என்று திகைக்கிறவர்கள், திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்ஓஎஃப்’ கட்டளையை ஓட்டினால், நீக்கப்பட்டது என்ற குறிப்புடன் ஃபைல்பீட்டின் பெயர் வரிசையாக நிற்பதைக் காண்பார்கள்.

மாற்றுக் கருவிகளோடு ஒப்பிடச் சொன்னால், சி மொழியில் எழுதப்பட்ட ஃப்ளூயன்ட் பிட் ஃபைல்பீட்டைவிட இலகுவானது. ஆனால் அதன் டெயில் இன்புட்டுக்குத் தரவுத்தளக் கோப்பு ஒன்றைத் தனியே குறிப்பிடாவிட்டால், எதுவரை படித்தது என்பதை மறுதொடக்கத்துக்குப் பின் அது நினைவில் வைத்திருக்காது. இயல்பில் கோப்பின் முடிவிலிருந்துதான் படிக்கத் தொடங்கும் என்பதால் ஏற்கெனவே இருந்த வரிகளும் வராது. கேட்காமலே கணக்கு வைத்துக்கொள்ளும் ஃபைல்பீட்டின் பழக்கம் எனக்கு அதைவிடப் பிடிக்கிறது. எலாஸ்டிக்சர்ச்சிலிருந்து பிரிந்த ஓப்பன்சர்ச்சுக்கு அனுப்ப நினைக்கிறவர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும்: 7.13 பதிப்பிலிருந்து ஃபைல்பீட் மறுமுனை எலாஸ்டிக்சர்ச்தானா என்று சரிபார்க்கிறது. அவர்களுக்கு வேறு கருவிதான் பொருத்தம்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், நம்பகத்துக்கு நாலரையும், கோளாறு தேடும் வசதிக்கு மூன்றும் கொடுப்பேன். நான் எதிர்பார்ப்பது ஒரே ஒரு கட்டளைதான். டெஸ்ட் கான்ஃபிக்கும் டெஸ்ட் அவுட்புட்டும் இருப்பதுபோல, ஒரு கோப்பின் பாதையைக் கொடுத்தால், எந்த இன்புட்டில் அது பொருந்துகிறது, சிம்லிங்க்கா, படிக்க முடிகிறதா, கைரேகைக்கு அளவு போதுமா, ரெஜிஸ்ட்ரியில் எந்த இடம் வரை படித்ததாக எழுதியிருக்கிறது என்று அதே மாதிரி வரிவரியாகச் சொல்லி, தவறும் இடத்தில் நிற்கும் ஒரு கட்டளை. அது வரும்வரை இதையெல்லாம் கையால் செய்யும் ஒரு சிறிய ஷெல் ஸ்கிரிப்டை எழுதி ஒவ்வொரு சர்வரிலும் போட்டு வைத்திருக்கிறோம். அதன் முதல் வரி, மாதிரி கான்ஃபிக்கில் ‘எனேபிள்டு’ என்பதற்கு எதிரே என்ன இருக்கிறது என்று பார்க்கிறது.